ஒன்பதாம் இலக்கத்துக்கு நான் சொன்ன பதில்

எங்கட சங்கத்து மலர்க்குழுத் தம்பி மூன்று தரம் போன் எடுத்திட்டார். "அங்கிள், ஒரே வேர்க்ஷொப்பில முப்பது வருசத்துக்கு மேல வேலை செய்து பென்சன் எடுத்திருக்கிறியள். உங்கட சாதனையைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ. இளம் சந்ததிக்கு உந்துசக்தியாய் இருக்கும்." நான் யோசிச்சுப் பார்த்தன். இயந்திரம் நிப்பாட்டிக் கிடந்த ஒரு காரின்ர டயரை ஆறு கிலோமீற்றரில மொட்டையாக்கினதுதான் என்ர பேரில இருக்கிற ஒரே சாதனை. அதை எழுதலாமோ எண்டு கேட்டன். "வேற நல்லதாய் ஒண்டும் இல்லையோ அங்கிள்?" எண்டார். இல்லை. ஆனபடியால் இதுதான்.

இப்ப வேர்க்ஷொப்பில இருக்கிற பெடியளுக்கு இது கதையாய்த்தான் கிடக்கும். இப்பத்தைய கார் கனக்கவற்றைச் சும்மா கட்டி இழுக்கேலாது, லொறியில ஏத்தித்தான் கொண்டு போறது. எண்பதுகளின்ர நடுவில அப்பிடியில்லை. டென்மார்க்கின்ர மேற்குக் கரையில எஸ்பியர்க் துறைமுகத்துக்கு இங்கிலாந்துக் கப்பல் வரும். அதின்ர வயித்துக்குள்ள இருந்து ஓட்டோகாம்பர் எண்டு சொல்லுற வண்டியள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் இறங்கும். கட்டில், அடுப்பு, கக்கூசு, யன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் உள்ள வீடு, சில்லில நிக்கும். சிலபேர் அதோட நிப்பாட்டமாட்டினம். வீட்டுக்குப் பின்னால ஒரு முக்கோண இரும்புச் சட்டம் பூட்டி, அதில ஒரு சின்னக் காரைக் கொழுவி, நாலு சில்லும் நிலத்தில உருள இழுத்துக்கொண்டு வருவினம். வீட்டை ஒரு இடத்தில நிப்பாட்டிப்போட்டு, பாண் வாங்கப் போறதுக்கு அந்தக் கார்.

நாங்கள் நாட்டை விட்டு வரேக்க ஆளுக்கு ஒரு பாக். அதுக்குள்ளயும் பாதி மிளகாய்த்தூள். இந்தச் சனம் நல்ல கல்வீட்டைப் பூட்டிப்போட்டு, இன்னொரு வீட்டை ஓட்டிக்கொண்டு, அதுக்குப் பின்னால காரையும் இழுத்துக்கொண்டு, "எல்லாத்தையும் விட்டிட்டு நாலு நாள் நிம்மதியாய் இருக்க வந்தனாங்கள்" எண்டு சொல்லும். அப்பிடி இழுக்கிறது டென்மார்க்கில சட்டமோ எண்டு ரெண்டு பொலிஸ்காரரைக் கேட்டால் மூன்று அபிப்பிராயம் வரும். வந்தவை போயிடுவினம் எண்டு அவையளும் கண்டும் காணாமல் விட்டவை.

நான் மெக்கானிக் படிச்சதைப் பற்றி எழுதக் கனக்க இல்லை. யாழ்ப்பாணத்தில வாடகைக்கார் வைச்சிருந்த ஒரு முதலாளியின்ர கராஜில ஒன்பது வருசம் காருக்குக் கீழ படுத்தன், எழும்பிப் பார்த்தால் மெக்கானிக். டென்மார்க் வந்து எட்டு மாசம் மொழிப் பள்ளியில "நான் ஒரு அப்பிள் சாப்பிடுகிறேன்" படிச்சன். பேந்து மீன் தொழிற்சாலையில ஒரு மாரி. அதோட என்ர பயிற்சிக் காலம் முடிஞ்சுது.

வேர்க்ஷொப்பில என்னை எடுத்தது என்ர கைத்திறமையைப் பார்த்தல்ல. இங்கிலீசுக்காரரோட கதைக்க ஆள் தேவைப்பட்டது. அங்க ஃபோர்மனாய் இருந்தவர் பெண்ட். அவருக்கு இங்கிலீசில "தாங்க்யூ" மட்டும் தெரியும், அதையும் வீணாக்க விரும்பமாட்டார். இன்னொரு காரணமும் இருந்தது. இங்கிலீசுக் காருக்கு எங்கட ஊர்க் கார் மாதிரி வலப்பக்கம் ஸ்டியரிங். டெனிஷ் மெக்கானிக்மார் ஒவ்வொரு முறையும் பிழையான கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைத் தேடிப்போட்டு, காரைச் சுத்தி நடப்பினம். நான் நேரே போய் இருந்திடுவன். இதைக் கண்டு பெண்ட் தலையை ஆட்டினார். அதுதான் நேர்முகப் பரீட்சை.

பெண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அறுபதுக்குக் கிட்ட வயது, மரச் செருப்பு, நீலக் கோட்டு, காதில ஒரு தட்டைப் பென்சில். ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. எங்கட கராஜ் முதலாளி பிழை விட்டால் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார், பத்து நிமிசத்தில தேத்தண்ணி வாங்கித் தருவார். பெண்ட் திட்டமாட்டார். பிழை விட்டவனைப் பார்த்துக்கொண்டு நிப்பார். பிறகு பென்சிலை எடுத்து ஏதோ எழுதுவார். என்ன எழுதினவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கிழமை வேர்க்ஷொப் முழுக்க அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு திரியும். அங்க எல்லாரும் அவரை நீ எண்டுதான் கூப்பிடுவினம், அது அவையின்ர வழக்கம். எனக்கு வாய் வராது. நீயும் சொல்லாமல் நீங்களும் சொல்லாமல் வசனத்தை வளைச்சு வளைச்சுக் கதைச்சே எனக்கு டெனிஷ் மொழி நல்லாய் வந்தது.

காரைக் கொழுவிறதுக்கு பெண்டிட்டை ஒரு பலகை இருந்தது. பச்சைப் பலகையில வெள்ளைப் பெயின்றால தன்ர கையால எழுதினது. பதினாலு இலக்கம். முதலாவது, வண்டிக்குப் பின்னால கொழுவிற இரும்புக் குமிழைத் துடை. ரெண்டாவது, முக்கோணச் சட்டத்தை அதில பூட்டு. பிறகு ஆணி, ஆணிக்குப் பின், சங்கிலியைக் குறுக்கு மறுக்காய்க் கொழுவு, லைற் வயரைச் செருகு. ஏழு, கியரை நடுவில விடு. எட்டு, ஹான்ட் பிரேக்கை இறக்கு. ஒன்பது, திறப்பைப் போட்டு ஒரு தட்டுத் திருப்பு, அப்பதான் ஸ்டியரிங் பூட்டு விடுபட்டு முன் சில்லு வளைவுக்கு வளையும். திறப்பு அதிலேயே இருக்கட்டும். இப்பிடியே போய், பதினாலு, வண்டி நகரேக்க பத்து மீற்றர் பக்கத்தில நடந்து நாலு சில்லும் உருளுதோ பார்.

இதைச் செய்தால் மட்டும் போதாது. ஒரு ஆள் இலக்கத்தைச் சத்தமாய்ச் சொல்ல, செய்தவன் "யா" எண்டு சொல்லவேணும். செய்யாட்டி "நை". பெண்ட் கோயில் ஐயர் மாதிரி நிண்டு இலக்கத்தைச் சொல்லுவார், நான் நாலு சில்லுக்கும் நடுவில நிண்டு யா, யா எண்டுவன். முதல்நாள் எனக்குச் சிரிப்பு வந்து, குமிழைத் துடைக்கிற மாதிரிக் குனிஞ்சு சிரிச்சன். பலகையைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

மூன்று மாசம் எனக்குத் தவணை. அதுக்குள்ள பிழை ஒண்டும் விடாட்டி நிரந்தர வேலைக்குக் கடிதம் தருவார். கடிதம் எண்டால் சும்மா கடிதமில்லை. அதைக் கொண்டு போனால்தான் குடும்பத்துக்கு வீடு தருவம் எண்டு கொம்யூன் எண்ட நகரசபை அலுவலகத்தில ஒரு பிள்ளை சொல்லியிருந்தா. வீடு இருந்தால் மனிசி தவத்தையும் மகளையும் கூப்பிடலாம். அவை ரெண்டு பேரும் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் இருந்து ஆமியின்ர ஷெல் வாற நேரமெல்லாம் பக்கத்து வீட்டுப் பதுங்குகுழிக்குள்ள ஓடிக்கொண்டிருந்தவை. மகளுக்கு அப்ப மூன்று வயது. தவத்தின்ர கடிதம் வந்தால் உடனே உடைக்கப் பயம், உடைக்காமல் இருக்கவும் பயம். நான் இரவில கடவுளைக் கும்பிடுறதை விட்டிட்டுப் பதினாலு இலக்கத்தையும் பாடமாக்கினன்.

தவணை முடியிற வெள்ளிக்கிழமை. கடிதம் ரைப் பண்ணி பெண்டின்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்குது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி, பின்னேரம் வைப்பன் எண்டு அவரே சொல்லிப்போட்டார். அண்டைக்கெண்டு பார்த்து அவருக்குப் பல்லுக்கொதி. வார்ட எண்ட பக்கத்து ஊரில இருந்த பல்லு வைத்தியரிட்டைப் போகவேணும். போகேக்க பலகையைக் காட்டி, "தனியச் செய்வியோ?" எண்டு கேட்டார். செய்வன் எண்டன்.

அண்டைக்கு நிண்டது ஒரு இங்கிலீசுக் கிழவனும் டொரத்தி எண்ட அவரின்ர மனிசியும். கப்பலால இறங்கேக்க அவையின்ர முக்கோணச் சட்டம் வெடிச்சுப்போச்சு, நாங்கள் ஒட்டிக் கொடுத்தனாங்கள். பின்னால ஒரு சின்னச் சிவப்புக் கார். கிழவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். டொரத்தி அம்மா எனக்கு பிஸ்கட் தந்து, பிள்ளையள் எத்தனை எண்டு விசாரிச்சு, மகளின்ர படத்தை வாங்கிப் பார்த்தா. மூன்று மாசத்தில மகளின்ர பேரைக் கேட்ட முதல் ஆள் அவதான்.

நான் பதினாலு இலக்கத்தையும் நானே சொல்லி நானே யா போட்டன். ஒன்பதையும் செய்தன். திறப்பைப் போட்டு ஒரு தட்டுத் திருப்பி, ஸ்டியரிங் ஆடுதோ எண்டும் பார்த்தன். கடைசியில காரைச் சுத்தி வந்து பார்க்கிறன், கதவு பூட்டாமல் கிடக்குது, திறப்பு உள்ளுக்க தொங்குது.

இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட யாழ்ப்பாணத்து முதலாளி திறப்பை அரைஞாண் கயித்தில கட்டி வைச்சிருக்கிற மனிசன். காருக்க திறப்பை விட்டிட்டு மூத்திரம் பெய்யப் போன ஒரு ட்ரைவரின்ர கார் அடுத்த நாள் மேசை கதிரையோட பற்றைக்குள்ள ஒரு ஆயுத இயக்கத்தின்ர அலுவலகமாய் நிண்டது. திறப்பை விட்டிட்டு வாறது எண்டால் காரை நேர்ந்து விட்ட மாதிரி. என்ர கை என்னைக் கேட்காமலே உள்ளுக்க போச்சு, திறப்பை எடுத்தது, கதவைப் பூட்டினது. அதோட விட்டனோ? உரிமையாளரிட்டைத் திறப்புக் குடுக்கிற முறையில, ரெண்டு கையாலயும் பிடிச்சு, கொஞ்சம் குனிஞ்சு, டொரத்தி அம்மாவின்ர கையில குடுத்தன். அவவுக்குச் சந்தோசம், கைப்பைக்குள்ள போட்டா. வண்டி வெளிக்கிட்டுது. பத்து மீற்றர் பக்கத்தில நடந்தன். வாசல்வரைக்கும் நேர் பாதை, நாலு சில்லும் வடிவாய் உருண்டுது. கை காட்டிப்போட்டு வந்தன்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் படிவத்தில கோடு போடவேணும். பெண்ட் இல்லாட்டியும் முறை முறைதானே எண்டு பலகைக்கு முன்னால நிண்டு பெருமையாய் ஒண்டில இருந்து வாசிச்சன். யா, யா, யா. ஒன்பதில வாய் நிண்டிட்டுது. திறப்பில்லாத காரை முதல் வளைவில இழுக்க, முன் சில்லு வளையும், வளைஞ்ச இடத்திலயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு றோட்டு நேரே போகும், சில்லு கோணலாய்ப் போகும்.

சாமான் வாங்கப் போற, முன்னால பெரிய கூடை வைச்ச சைக்கிள் ஒண்டு மூலையில நிண்டது. அதில ஏறினன். அந்தப் பக்கத்து மேற்குக் காத்தைப் பற்றி அங்க இருந்தவைக்குத் தெரியும், அது சைக்கிள்காரருக்கெண்டே கடலில இருந்து எழும்பி வாறது. வழி கேட்கத் தேவையிருக்கேல்லை. சந்தியில ரெண்டு கறுப்புக் கோடு தொடங்கி வார்டப் பக்கம் நேரே போகுது. என்ர நிரந்தர வேலையை ஆரோ றோட்டில தேய்ச்சுக்கொண்டு போறாங்கள், நான் பின்னால கூடையோட துரத்துறன்.

இங்கிலீசுக்காரர் எங்கயும் அரை மணித்தியாலத்துக்குள்ள தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டுவினம் எண்ட ஒரு நம்பிக்கையிலதான் மிதிச்சன். அது வீண்போகேல்லை. றோட்டோரம் மேசை வாங்கு போட்டிருந்த ஒரு தரிப்பிடத்தில நிண்டவை. ரப்பர் எரிஞ்ச மணம் எனக்கு முன்னமே வந்திட்டுது. முன் டயர் ரெண்டும் ஒரு பக்கம் நார் தெரியத் தேய்ஞ்சு கிடக்குது. வழியில ரெண்டு மூன்று டெனிஷ்காரர் லைற் போட்டுக் காட்டியிருக்கினம். கிழவன் நல்ல மரியாதையான சனம் எண்டு திருப்பிக் கை காட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிக்க, எதிர்ப் பக்கத்தில இருந்து ஒரு கார் வந்து நிண்டது. பெண்ட். பல்லுப் பிடுங்கிப்போட்டு அதே றோட்டால திரும்பி வாறார், தரிப்பிடத்துக்குள்ள போற கறுப்புக் கோட்டைக் கண்டு நிப்பாட்டியிருக்கிறார். ஊசி போட்ட ஒரு பக்கம் வாய் தொங்குது. டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சைக்கிள் கூடையையும் பார்த்தார்.

கிழவன் மனிசியைப் பார்த்து, "ஸ்டியரிங் பூட்டிக் கிடக்குது. திறப்பு ஆரிட்டை?" எண்டார். டொரத்தி அம்மா கைப்பையில இருந்து எடுத்துக் காட்டினா. "இந்தத் தம்பி…" எண்டு தொடங்கினவ, என்ர முகத்தைப் பார்த்தா. பிறகு பெண்டைப் பார்த்தா. பிறகு வலு சாதாரணமாய், "நான் பிஸ்கட் எடுக்கப் போனன் எல்லே. அப்ப நான்தான் கழட்டியிருக்கிறன்" எண்டா. கிழவனும் உடனே தொப்பியைக் கழட்டி, "எங்கட பிழை. உங்களுக்குச் சிரமம் தந்திட்டம்" எண்டார்.

பெண்ட் என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன சொல்லினம்?"

நான் சம்பளம் எடுத்ததே இதுக்குத்தான். இங்கிலீசில சொன்னதை டெனிஷில சொல்லவேணும். சொன்னன். திறப்பை அந்த அம்மாவே கழட்டினவவாம், தங்கட பிழையாம். ஒரு சொல்லுக் கூட்டேல்லை, ஒரு சொல்லுக் குறைக்கேல்லை. என்ர வாழ்க்கையில அவ்வளவு சுத்தமாய் நான் மொழிபெயர்த்தது கிடையாது, அவ்வளவு சுத்தமாய்ப் பொய் சொன்னதும் கிடையாது. தவமும் மகளும் கண்ணுக்கு முன்னால நிண்டவை. இது பொய்யில்லை, அவை சொன்னதைத்தானே சொன்னன் எண்டு மனம் வாதாடினது. அந்த வாதத்தைக் கேட்க எனக்கே அருவருப்பாய் இருந்தது. எனக்கு இனமில்லை, உறவில்லை, ஆரோ ஒரு கிழவி, என்ர பிள்ளையின்ர படத்தைப் பார்த்ததுக்காகத் தன்ர தலையில பழியைப் போட்டுக்கொண்டு நிக்கிறா.

பெண்ட் தலையை ஆட்டினார். பிறகு காதில இருந்த பென்சிலை எடுத்தார். றோட்டோரத்தில, காத்துக்க, தொங்கின வாயோட, ஒண்டில இருந்து தொடங்கினார். அதுதானே முறை. "குமிழ்?" யா. "சட்டம்?" யா. கிழவனும் மனிசியும் பூசை பார்க்கிற மாதிரி அமைதியாய் நிண்டவை. சங்கிலிக்கு யா. கியருக்கு யா. ஹான்ட் பிரேக்குக்கு யா.

"ஒன்பது?"

யா எண்டு சொல்லியிருக்கலாம். செய்தனான்தானே, ஸ்டியரிங் ஆட்டியும் பார்த்தனான். ஒரு மீன் லொறி எங்களைக் கடந்து போச்சு.

"நை" எண்டன்.

பென்சில் நிண்டுது. "செய்யேல்லையோ?"

"செய்தன். பிறகு நானே கழட்டிக் கதவைப் பூட்டி, திறப்பை அவவின்ர கையில குடுத்தன். அவ எனக்காகப் பொய் சொல்லுறா." இதைச் சொல்லிப்போட்டு இங்கிலீசுக்குத் திரும்பி, அவைக்கும் அதையே சொன்னன். டொரத்தி அம்மா என்ர கையைத் தட்டி, "தெரியும் பிள்ளை. ஒருத்தரும் எனக்கு அப்பிடி ரெண்டு கையாலயும் திறப்புத் தந்ததில்லை" எண்டா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. காத்து எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

"ஏன் கழட்டினாய்?" எண்டு பெண்ட் கேட்டார்.

"எங்கட ஊரில திறப்பைக் காருக்க விடமாட்டம். விட்டால் கார் போயிடும்."

அவர் மொட்டை டயரைப் பார்த்தார். "கழட்டியும் போயிருக்கு" எண்டார். பிறகு மிச்ச இலக்கத்தைப் பதினாலு வரைக்கும் கேட்டு முடிச்சார். பாதியில விடுற ஆளில்லை.

வேர்க்ஷொப்பில இருந்து ரெண்டு டயர் வந்தது, மாத்தினன், அவை ஹொல்ஸ்டெப்ரோப் பக்கம் போயிட்டினம். பின்னேரம் என்ர சாமானை ஒரு பைக்குள்ள போட்டுக்கொண்டு பெண்டின்ர அறைக்குப் போனன். அவர் பச்சைப் பலகையைக் கழட்டி மேசையில வைச்சு, பெயின்ற் தூரிகையோட குனிஞ்சிருந்தார். பதினைஞ்சாவது இலக்கம் எழுதுறார். ரெண்டாவது திறப்பைக் கேட்டு வாங்கி, வண்டி நகர முதல் அதால கதவைப் பூட்டு.

"பதினொரு வருசமாய்க் கடைசியில நானே போய் இப்பிடித்தான் பூட்டுறன். எழுதி வைக்கேல்லை. பலகையில பிழை" எண்டார். பலகையைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கேல்லை. பிறகு லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து, அடியில பேனையால ஒரு வரி எழுதி, கையெழுத்து வைச்சுத் தந்தார்.

அந்த வரியை பஸ்ஸில இருந்து அகராதியோட வாசிச்சன். "இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுவான்." எனக்கு அண்டைக்குச் சரியான கோவம். ஒன்பது வருசம் காருக்குக் கீழ கிடந்து பழகின மெக்கானிக்கைப் பற்றி எழுதிற வசனமோ இது? கெட்டிக்காரன், கடும் உழைப்பாளி எண்டு எழுதினால் பேனை தேய்ஞ்சு போகுமோ? கொம்யூன் பிள்ளை அந்த வரியை ரெண்டு தரம் வாசிச்சா. என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தா. வீட்டுப் படிவத்தை எடுத்து முன்னால வைச்சா.

தவமும் மகளும் வந்து சேர்ந்த கிழமை, தவம் அந்தக் கடிதத்தைக் கையில எடுத்து, "எங்களைக் கூப்பிட்ட கடிதம் இதுதானே, உதில என்ன எழுதியிருக்கு?" எண்டு கேட்டா. "இவனைப்போல கெட்டிக்கார மெக்கானிக் இந்த நாட்டில இல்லையாம்" எண்டன். அவ அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டினா. வாற சனத்துக்கெல்லாம் காட்டுவன். டெனிஷ் தெரிஞ்ச ஆக்கள் வாசிச்சுப்போட்டு, குனிஞ்சு தேத்தண்ணியைக் குடிப்பினம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினாப்போல எனக்கு மனம் கேக்கேல்லை. போன கிழமை குசினிக்குப் போனன். தவம் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டா. "இஞ்சேர், அந்தக் கடிதத்தில கெட்டிக்காரன் எண்டு எழுதேல்லை" எண்டன்.

அவ திரும்பேல்லை. "தெரியும். மொழிப் பள்ளிக்குப் போன முதல் மாரியிலயே வாசிச்சிட்டன்."

"ஏன் அப்ப ஒண்டும் கேக்கேல்லை?"

"இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுற ஆள் எண்டுதானே எழுதியிருந்தது. அதுதான், எப்ப சொல்லுறியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."